முதல் கவளம்

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதை மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. கிணற்றுக் கயிறு ஒரு முழம் குறைந்தால் யார் அறுத்தது என்று கேட்பேன். எருமை ஒரு வேளை பால் குறைத்துக் கறந்தால் கன்றை அவிழ்த்துவிட்டது யார் என்று கேட்பேன். மழை தள்ளிப்போனால் மட்டும்தான் யாரையும் கேட்டதில்லை, அதற்கு ஆள் கிடைக்கவில்லை. என்னோடு பேச வருகிறவர்கள் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. அந்தக் கேலியைக் கிளப்பிவிட்டது யார் என்று ஒரு மாதம் விசாரித்தவன் நான்.

இப்படிப்பட்டவனுக்கு வயிற்றுவலி வந்தது.

வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். கடலையும் சோளமும் போடுவோம். இரண்டு எருமைகள். முதல் மனைவி விஷக்காய்ச்சலில் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை இல்லை. அம்மா இல்லாத குறை தெரியாமல் என்னை வளர்த்த அக்கா, அதே ஊரில் நாலு வீடு தள்ளி வாழ்க்கைப்பட்டிருந்தாள். எனக்கு அப்போது நாற்பது வயது. தம்மம்பட்டிப் பக்கம் எருது பிடிக்கப் போனவன், போன இடத்தில் பெண்ணையும் பேசி முடித்துவிட்டு வந்தேன். அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தத் தப்பை அக்கா என்மேல் வைக்கவில்லை, வந்தவள்மேல் வைத்தாள்.

"அவொ பேச்சே ஒரு மாதிரி இருக்குதே சாமி" என்றாள் முதல் நாளே. கிழக்கத்திப் பேச்சு, அவ்வளவுதான். நாங்கள் வாரேன் என்போம், அவள் வரன் என்பாள். ஆனால் அக்கா சொன்ன பிறகு எனக்கும் அது ஒரு மாதிரியாகத்தான் கேட்டது.

சமையலில் அவளை ஒன்றும் சொல்ல முடியாது. தாய்வீட்டில் கூழும் களியுமாக வளர்ந்தவள். இங்கே இரண்டு எருமையையும் நெய்ச் சட்டியையும் பார்த்ததும் கை தாராளமாகிவிட்டது. அரிசியும் பருப்பும் ஆக்கினால் சோற்றுக்கு நடுவில் குழி பறித்து நெய் ஊற்றுவாள். பருப்புப் பூரணம் வைத்து ஒப்பிட்டு சுட்டால் நெய் விரலிடுக்கில் வழியும். மனைவி செத்து இரண்டு வருஷம் அரைவயிறாகக் கிடந்தவனுக்கு அது போதாதா? ஆசையாகத்தான் சாப்பிட்டேன்.

ஆடிப் பதினெட்டு அன்றைக்கு முதல் வலி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் இருக்கும். வலது விலாவுக்குக் கீழே ஏதோ இறுக்கிப் பிடித்தது. பிடி கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, முதுகைச் சுற்றி, வலது தோள்பட்டையில் போய் நின்றது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. பொழுது சாய்கிற வரைக்கும் களத்தில் நடந்துகொண்டே இருந்தேன். பிறகு தானாக விட்டுவிட்டது. வைத்தியர் வாயு என்றார். ஓமத்தண்ணீர் குடித்தேன்.

ஆவணியில் மறுபடியும் வந்தது. புரட்டாசியில் இரண்டு தடவை. நான் என் வழக்கப்படி விசாரணையை ஆரம்பித்தேன். நான்கு நாள் அக்கா வீட்டிலேயே சாப்பிட்டுப் பார்த்தேன். அவள் சிக்கனம் ஊருக்கே தெரிந்த விஷயம். கம்மஞ்சோறு, மோர், கடித்துக்கொள்ள ஒரு வெங்காயம். வலி எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் என் வீட்டில் உட்கார்ந்து கோழிக்குழம்பு சாப்பிட்டேன். சாயங்காலம் களத்தில் நடந்துகொண்டிருந்தேன்.

"என்ற ஊட்டுல தின்னா ஒண்ணும் ஆகறதில்ல, உன்ற ஊட்டுல தின்னா வலிக்குது. இதுக்கு மேல என்னத்த சாமி பாக்கோணும்?" என்றாள் அக்கா. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவொ ஊருக்குப் பொறகால கொல்லிமலை நிக்குது. அங்க இல்லாத வேரா, இல்லாத பச்சலையா? இடுமருந்து வெச்சிருக்கறா" என்றாள்.

இடுமருந்து என்றால் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள நினைக்கிறவள் சோற்றில் கலந்து கொடுத்துவிடுவாள். அது வயிற்றில் போய் ஒட்டிக்கொண்டு உருண்டையாகக் கிடக்கும், ஆள் உருக்குலைந்துபோவான் என்பார்கள். அதை எடுப்பதற்கென்றே ஆட்களும் இருந்தார்கள். அக்கா சொன்னதும் எனக்குப் பயமாக இல்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது. இத்தனை நாள் நான் சந்தேகப்பட்டதில் ஒன்றாவது பலித்ததே என்கிற சந்தோஷம். இப்போது நினைத்தால் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

ராசிபுரத்துக்கு அந்தப்புறம் மருந்து எடுப்பவர் ஒருவர் இருந்தார். அக்காவே அழைத்துக்கொண்டு போனாள். ஒரு செவ்வாய்க்கிழமை, வெறும் வயிற்றில், ஏதோ பச்சிலைச் சாறு ஒரு செம்பு குடிக்கச் சொன்னார். குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தேன். அவர் குச்சியால் கிளறி, கறுப்பாக ஓர் உருண்டையை எடுத்து இலையில் வைத்தார். அதில் நீளமாக ஒரு தலைமயிர் சுற்றியிருந்தது.

"முழுசா வந்துருச்சுங்க. நாப்பத்தெட்டு நாளைக்குப் பத்தியம். நெய், எண்ணெய், கறி, தேங்கா எதுவும் ஆகாதுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியின் தலைமுடியைப் பார்த்தேன். நீளமாகத்தான் இருந்தது. ஊரில் எந்தப் பெண்ணின் முடிதான் நீளமாக இல்லை? அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை.

நாற்பத்தெட்டு நாளும் வலி இல்லை. இதைவிடச் சாட்சி வேண்டுமா? பத்தியம் முடிந்து, தை பிறந்து, பொங்கலுக்கு நெய் மிதக்கச் சாப்பிட்டேன். அன்றைக்கே வலி வந்தது. "மறுக்கா வெச்சுட்டா சாமி!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய் இல்லை. என்னை இழந்துவிடுவோம் என்று அவள் நிஜமாகவே பயந்தாள்.

அவளைத் தாய்வீட்டுக்குத் துரத்திவிடு என்றாள் அக்கா. எனக்கு வேறு யோசனை. மறுநாள் மத்தியானம் வட்டிலில் சோறு போட்டு வைத்தவளைப் பார்த்து, "நீ மொதல்ல தின்னு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. "நான் அப்புறம் தின்னுக்கறங்க" என்றாள்.

"இந்த வட்டல்ல, இந்தச் சோத்துல, எனக்கு முன்னால ஒரு வாய் தின்னு."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. அவளுக்குக் கண் கலங்கும், சண்டை போடுவாள், ஏதாவது சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எதிரில் உட்கார்ந்து, சோற்றையும் குழம்பையும் பிசைந்து ஒரு கவளம் வாயில் போட்டாள். விழுங்கினாள். விழுங்கியதைத் தொண்டையில் பார்த்த பிறகுதான் வட்டிலை என் பக்கம் இழுத்தேன்.

அன்றிலிருந்து ஒரு வருஷம், இரண்டு வேளையும் இதுதான். பொரியல் இருந்தால் பொரியலில் ஒரு வாய், மோரில் ஒரு வாய். முதல் நாலைந்து நாள் நான் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு அவளே உட்கார்ந்துவிடுவாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மட்டும் வலி வந்தது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. மாற்று மருந்து தின்றுவிட்டு உட்காருகிறாள் என்று நினைத்தேன். சந்தேகப்படுகிறவனுக்கு எல்லா வழியும் ஒரே ஊருக்குத்தான் போகும்.

அந்த வருஷம் முழுக்க அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. ஆனால் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கிறாளோ?

அடுத்த தீபாவளிக்குப் பிறகு வலி நின்றுவிட்டது. கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் நன்றாக இருந்தேன். என் காவலுக்குப் பயந்து நிறுத்திவிட்டாள் என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

பொங்கல் கழிந்து கரிநாளன்று, கறிக்கு மசாலைச் சாமான் எடுக்கத் தானியக் குதிருக்குப் பின்னால் கையை விட்டபோது, அங்கே மூடி வைத்த ஒரு சட்டி இருந்தது. திறந்தேன். நிறைய நெய்.

"இது என்ன?" என்றேன்.

அவள் மறைக்கவில்லை. "நெய் சேர்த்தா உங்களுக்கு வலிக்குதுங்க. நானும் ஒரு வருசமாப் பாக்கறன். நெய்யும் கறியும் சேர்ந்த அன்னிக்குத்தான் வலி வருது. அதான் ரெண்டு மாசமா மணத்துக்கு ஒரு சொட்டு மட்டும் மேல விட்டன். மிச்சத்த இதுல ஊத்தி வெச்சன். சொன்னா நீங்க நம்பமாட்டீங்க" என்றாள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு நான் செய்தது வேறு. கலப்பதற்கென்று தனிச் சட்டி வைத்திருக்கிறாள், பிடிபட்டதும் கதை சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன். அவள் சட்டி நெய்யை நான் தொடவில்லை. அக்கா வீட்டுக்குப் போய், அவள் உறியில் இருந்த நெய்யை வாங்கி வந்தேன். சந்தேகமில்லாத நெய். நானே உருக்கினேன். ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் போட்டு வைத்தாள். முதல் கவளம் அவள் தின்றாள். அதன்மேல் நான் என் கையால் நெய்யை ஊற்றினேன். இன்னும் ஊற்றினேன். அவள் சொன்னது பொய் என்று காட்ட வேண்டுமே.

"வேண்டாங்க" என்றாள் ஒரே ஒரு தடவை.

மூன்று மணிக்கு ஆரம்பித்தது. இது பழைய வலி இல்லை. நெஞ்சுக்குழியில் குத்தி நேராக முதுகுக்குத் துளைத்துக்கொண்டு போனது. குனிந்து முழங்காலைக் கட்டிக்கொண்டால் மட்டும் மூச்சு விட முடிந்தது. வாந்தி நிற்கவில்லை. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் போன பிறகும் வந்துகொண்டிருந்தது. உடம்பு வேர்த்துக் குளிர்ந்துவிட்டது. வண்டி கட்டி ரோட்டுக்குக் கொண்டுவந்து, சேலத்துக்குப் போகும் கரி பஸ்ஸில் ஏற்றினார்கள். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் அடுப்பை மூட்டிக் கரியைப் போட்டு ஓட்டுவார்கள். ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். அக்கா ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம். அக்கா வழியெல்லாம் அவளைச் சபித்துக்கொண்டு வந்தாள். அவள் என் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு நடுவயது டாக்டர். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே அக்கா, "என்ற தம்பிக்கு இவொ சோத்துல மருந்து வெச்சுட்டாளுங்க!" என்று அலறினாள்.

டாக்டர் நிமிர்ந்தார். "மருந்து என்றால்? விஷமா?" அக்கா தலையாட்டினாள். அவர் என்னிடம் குனிந்து, "இதோ பாருங்கள், விஷம் என்றால் நான் போலீஸுக்கு எழுதியாக வேண்டும். உங்களுக்கு யார்மேலாவது சந்தேகம் இருக்கிறதா? யோசித்துச் சொல்லுங்கள்" என்றார்.

பேச எனக்குக் குரல் இல்லை. கையைத் தூக்கி அவளைக் காட்டினேன்.

அந்தக் கை என்னுடையதுதான். வலியில் தெரியாமல் செய்தேன் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். தெரியாமல் செய்யவில்லை. அவள் எங்கே நிற்கிறாள் என்று தேடிப் பார்த்துத்தான் காட்டினேன்.

டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். "என்னம்மா கொடுத்தாய்?" என்றார்.

அவள் இடத்தில் நான் இருந்தால் கத்தியிருப்பேன். அவள் கத்தவில்லை. சொல்ல ஆரம்பித்தாள். இன்றைக்கு ஆட்டுக்கறியும் நெய்யும், மூணு மணிக்கு வலி. தீபாவளிக்குப் பணியாரமும் கோழியும், பொழுது சாய வலி. ஆடிப் பதினெட்டுக்கு ஒப்பிட்டு. பங்குனியில் மாரியம்மன் பண்டிகைக்குக் கெடா வெட்டினது. போன பொங்கலுக்கு நெய்ப்பொங்கல். ஒன்றுவிடாமல், நாள், சாப்பாடு, எத்தனை கரண்டி, எத்தனை நாழிகை கழித்து, வலி எங்கே ஆரம்பித்து எங்கே போனது. நெய்யை நிறுத்தின இரண்டு மாசம் ஒன்றும் இல்லை என்றாள். பத்தியம் இருந்த நாற்பத்தெட்டு நாளும் இல்லை என்றாள். "ஒரு வருசமா எல்லாச் சோத்துலயும் மொத வாய் நாந்தாங்க தின்னன். அதனால எனக்கு மறக்காதுங்க" என்றாள்.

டாக்டர் என் கண் இமையை இழுத்துப் பார்த்தார். மஞ்சளாக இருந்தது. விலாவுக்குக் கீழே விரலை அழுத்தி மூச்சை இழுக்கச் சொன்னார். இழுக்கப் போய்ப் பாதியில் அலறினேன். எழுதுவதற்கு எடுத்த காகிதத்தை மேஜையில் திருப்பி வைத்தார்.

"விஷம் இல்லை, கல்" என்றார். "இந்தம்மா சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது."

ஐந்து நாள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. தொடையில் ஊசி குத்தி உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள். வலிக்கு ஒரு ஊசி, போட்டதும் உலகம் தூரமாகப் போய்விடும். பிழைப்பேனா என்று மூன்றாம் நாள் வரைக்கும் டாக்டரே சொல்லவில்லை. தெளிந்த பிறகு எனக்கு விளக்கினார். ஈரலுக்கு அடியில் பித்தப்பை இருக்கிறது. அதில் பித்தம் கெட்டிப்பட்டுக் கல்லாகிவிட்டது. நெய்யும் கறியும் உள்ளே போனால் பித்தம் வேண்டும் என்று பை சுருங்கும். சுருங்கினால் கல் வாயை அடைக்கும், வலிக்கும். இந்தத் தடவை கல் பையை விட்டு நழுவிக் குழாயில் இறங்கி, கீழே போய் அடைத்துக்கொண்டது. வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறதாம். சோற்றைச் செரிக்க வைக்கும் நீர் அதிலிருந்துதான் வருகிறதாம். அதன் வழியும் அதே இடத்தில்தான் திறக்கிறது. வழி அடைபட்டதும் அந்த நீர் வெளியே வர முடியாமல் கணையத்தையே அரிக்க ஆரம்பித்துவிட்டது.

"பட்டினி போட்டது அதற்குத்தான். அது வேலை செய்யாமல் சும்மா கிடந்தால்தான் ஆறும்" என்றார். "இன்னொரு தடவை இப்படி வந்தால் நான் உறுதி சொல்ல மாட்டேன். இரண்டு மாசம் கழித்து வந்து பையை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் நெய்யைக் கண்ணால்கூடப் பார்க்காதீர்கள்."

சித்திரையில் ஆபரேஷன் நடந்தது. ஏழு கற்கள். துவரை அளவில் ஆறு, கொண்டைக்கடலை அளவில் ஒன்று. மருந்துச் சீசாவில் போட்டு நர்ஸ் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அக்கா வாங்கி வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இனி அக்காவே தன் வாயால் தப்பை ஒத்துக்கொள்வாள் என்று பார்த்தேன்.

"பாத்தியா சாமி?" என்றாள் அக்கா. "அவொ வெச்ச மருந்துதான் இப்பிடிக் கல்லாகிப்போயிருக்குது."

எனக்கு வந்த கோபத்துக்குத் தையல் பிரியாமல் இருந்தது ஆச்சரியம். "உன்ற ஆளு முழுசா எடுத்துட்டேன்னு உருண்டையக் காமிச்சானே, அப்ப இது எங்க இருந்துச்சு?" என்று கத்தினேன். அக்காவிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கத்தியது சரி. ஆனால் கத்துவதற்கு முன்னால், ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அக்கா சொல்வது நிஜமாக இருக்குமோ என்று எனக்கும் தோன்றியது. கல்லை எடுத்தார்கள், அந்தப் புத்தியை யார் எடுப்பார்கள்?

அந்த ஒரு நிமிஷம் மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். கையில் வெந்நீர்ச் செம்பு. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த முதல் மத்தியானம், குழைந்த சோறு, தெளிந்த ரசம். மேலே ஒன்றும் மிதக்கவில்லை. வட்டிலை வைத்தாள். எழுந்துபோய்ச் சாத்தியிருந்த வாசல் கதவை நன்றாகத் திறந்து வைத்தாள். தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே தெரியும்படி. பிறகு எதிரில் உட்கார்ந்து, ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள்.

"இனி வேண்டாம் புள்ள" என்றேன். "தப்பு என்ற பேர்லதான். டாக்டரே சொல்லிட்டாரே."

அவள் விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள். "டாக்டரு யாருமேல சந்தேகம்னு கேட்டாரு. நீங்க கையத் தூக்கி என்னக் காட்டுனீங்க. வலியில இருந்தீங்க, சரி. நாளைக்கு மறுபடியும் வலிச்சா அந்தக் கை எந்தப் பக்கம் வரும்னு எனக்குத் தெரியாதுங்க. இது உங்களுக்காக இல்ல. எனக்காகத் திங்கறன்."

எனக்கு வலி திரும்பி வரவே இல்லை. வாசல் கதவைத் திறந்து வைத்து முதல் கவளம் தின்பதை அவள் நிறுத்தவும் இல்லை. பிள்ளைகள் பிறந்தார்கள். அம்மா ஏன் அப்பாவின் வட்டிலில் முதலில் தின்கிறாள் என்று கேட்டார்கள். உப்பு பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அக்கா போய்ச் சேர்ந்தாள். ஏழு கல்லும் சீசாவோடு எங்கோ தொலைந்துபோயின. இந்த ஒன்று மட்டும் தொலையவில்லை.

கடைசியில் அவள் படுத்துவிட்டாள். எழுந்திருக்க முடியாது. சமையல் மகள்தான். ஒரு மத்தியானம் வட்டிலை எடுத்துக்கொண்டு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், அங்கேயே சாப்பிடலாம் என்று. அவள் கையை நீட்டி, நாலு பருக்கை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். நெடுநேரம் கழித்து விழுங்கினாள்.

"திறந்திருக்குதா?" என்று கேட்டாள்.

கதவைத்தான் கேட்டாள். திறந்திருக்கிறது என்றேன்.